அறுபத்திரண்டு டிகிரி

கஸ்பாரை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது அவன் தோளில் சாக்குச் சுற்றிய ஐஸ் கட்டியின் கால் துண்டு இருந்தது. ஆடிக்காற்று தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். ஐஸிலிருந்து வடிந்த தண்ணீர் அவன் முதுகில் இறங்கி, முழங்கால் வழியாக வந்து, எங்கள் கடை வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது. "எத்தன அண்ணாச்சி?" என்று கேட்டான். நான் லேப்டாப் திரையின் மூலையைப் பார்த்து, அறுபத்திரண்டு என்றேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேசைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று, "இப்ப?" என்றான்.

"இப்பவும் அறுபத்திரண்டுதான்."

"நான் உள்ள நிக்கும்போதா?"

"ஆமா வே. நீ நின்னா என்ன, உக்காந்தா என்ன. அறுபத்திரண்டு."

அவன் சிரித்தான். பதினோரு வருஷப் பழக்கத்தில் அந்தச் சிரிப்பை நான் அவன் முகத்தில் பார்த்ததில்லை. பல நாள் காய்ச்சல் விட்டவன் முதல் வாய் கஞ்சி உள்ளே போனதும் சிரிப்பானே, அப்படி இருந்தது. அப்படியானால் இந்தக் கட்டி இன்றைக்கு இங்கே வேண்டாம், ரொசாரியோவின் வள்ளத்துக்கு ஆகட்டும் என்று சொல்லி, தோளை மாற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான். திரை சொன்னது பொய். அந்த நிமிஷத்தில் உண்மையான அளவு தொண்ணூற்றொன்று. அந்தப் பொய்யைச் செய்து வைத்தவன் நான்.

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஐஸ் பிளாண்டுக்கு நேர் எதிரே எங்கள் கடை இருந்தது. என் மனைவி மெற்றில்டா அதில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், ரேடியோ, டி.வி., பிறகு கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி அவளுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு கல்யாணத்தை அது முழுசாக மென்று முடிக்க ஒன்றரை நாள் பிடித்தது. ஊரில் கல்யாணங்கள் அதைவிட வேகமாக நடந்தன.

இயந்திரத்தைச் செய்து அனுப்புகிறவர்கள் அதற்கு ஒரு வேகத்தை வரையறுத்து அனுப்புகிறார்கள். அதற்கு மேலும் ஓட்டலாம், ஓவர்கிளாக் என்பார்கள். ஓடும், ஆனால் சூடாகும், சூடானால் மெமரி தடுமாறும், கோடிக்கணக்கான புள்ளிகளில் ஒன்று இடம் மாறும், மணமகள் கழுத்தில் தாலி ஏறுகிற இடத்தில் திரை நீலமாகி நின்றுவிடும். அதனால் ஒரேயடியாக ஏற்றக் கூடாது. ஒரு படி ஏற்ற வேண்டும், எட்டுச் சுற்று மெமரியைச் சோதிக்க வேண்டும், ஒரு பிழையும் வராவிட்டால்தான் அடுத்த படி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலப் பக்கங்களை வரி வரியாகப் படித்து, ஆயிரத்து முந்நூற்று முப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸில் இருந்த மெமரியை ஆயிரத்து அறுநூறு வரை நான் ஏற்றினேன். நாற்பத்தாறு நாள் ஆனது. ஏற்றிய வேகம் சூட்டில் நிற்கவில்லை.

அதை நிற்க வைத்தவன் கஸ்பார். ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசர் மெக்கானிக், என்னைவிட நாலு வயது இளையவன், கல்யாணம் செய்துகொள்ளாதவன். என்னை அண்ணாச்சி என்றும் மெற்றில்டாவை மைனி என்றும் கூப்பிடுவான். பழைய ஃப்ரிட்ஜின் செப்புக் குழாயைத் தட்டிச் சப்பையாக்கி, மெமரியின் முதுகில் ஒரு நுனியைப் பொருத்தி, மறு நுனியை மேசைக்குக் கீழே ஐஸும் உப்பும் போட்ட தகரப் பெட்டிக்குள் இறக்கினான். குளிர் போகலாம், ஈரம் போகக் கூடாது என்று சொல்லி, உப்பளத்திலிருந்து காய்ந்த உப்பைக் கொண்டுவந்து சின்னச் சின்னத் துணிப் பொட்டலங்களாகக் கட்டிச் சுற்றிலும் அடுக்கினான். எண்பத்தெட்டில் திணறிய இயந்திரம் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. ஒன்றரை நாள் கல்யாணம் ஆறு மணி நேரத்தில் முடிந்தது. மெற்றில்டா இயந்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, மண்பானை மாதிரி இருக்கு என்று சொல்லிச் சிரித்தாள். கடைக்கு வந்த ஒவ்வொருவரும் கையை வைத்துப் பார்த்தார்கள், கஸ்பார் கைராசிக்காரன் என்றார்கள். வேகத்தை யாராலும் தொட்டுப் பார்க்க முடியாது. குளிர்ச்சியைத்தான் தொட முடியும்.

ஒரு நாள் எங்கள் தெருவிலேயே ஸ்டுடியோ வைத்திருந்த லிகோரி, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். அவர் படியேறியதும் திரையின் மூலையில் ஐம்பத்தெட்டு என்றிருந்தது எழுபதானது, ஆறு மணி நேரத்தில் முடிகிறதா என்று கேட்டபோது எண்பத்து மூன்றானது, ஓடிக்கொண்டிருந்த வீடியோ நின்றுவிட்டது. அவர் தெருமுனை திரும்பியதும் மெதுவாக ஐம்பத்தெட்டுக்கு வந்தது. மறுநாள் வந்தார், மறுபடி எண்பத்து மூன்று. அதற்கு மறுநாள் மெற்றில்டாவின் அக்கா பிரகாசி வந்தாள். தன் மகள் கல்யாண வீடியோவையும் கொழுந்தன் மகள் கல்யாண வீடியோவையும் ஒரே மூச்சில் பார்த்தாள். முதலாவதில் ஐம்பத்தொன்பது, இரண்டாவதில் எழுபத்தொன்பது. வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு, ஒரு போணிப் பாத்திரம் நிறைய ஐஸோடு திரும்பி வந்து பெட்டியில் கொட்டிவிட்டுப் போனாள். லிகோரியும் கேள்விப்பட்டு அரைக் கட்டி அனுப்பினார். அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கிவிட்டது: பக்கத்தில் நிற்பவருக்குப் பொறாமை இருந்தால் இந்த இயந்திரம் சூடாகிறது.

ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கண்ணு பட்டால் பால் திரிகிறது, வலையில் மீன் விழாமல் போகிறது, லேப்டாப் சூடாவதில் என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். இவ்வளவு நாளும் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு, கமறுகிறதா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடித்ததை, இப்போது எண்ணாகப் பார்க்க முடிகிறது என்பதுதான் அவர்களுக்குப் புதுசு. பங்காக வள்ளம் வாங்கப் போகிறவர்கள் முதலில் எங்கள் கடைக்கு வந்து இரண்டு பேருமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யாராவது யாரையாவது ஒரு மாதிரிப் பேசினால், "என்ன வே, எண்பது ஓடுதா?" என்று கேட்பது வழக்கமானது. சூசையம்மா என்ற மீன் விற்கிற கிழவி, எனக்கு யார் மேலும் கிடையாது என்று சொல்லி இயந்திரத்துக்கு நேரே இடுப்பில் கை வைத்து நின்றாள். எண் ஒரு புள்ளிகூட அசையவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டம் முழுக்க அவள் மேல் பொறாமைப்பட்டதில் கொஞ்ச நேரத்தில் ஒன்பது டிகிரி ஏறியது. பங்குச்சாமி பிரசங்கத்தில் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொன்னார், சொன்னதைச் சோதித்துக்காட்ட நேரில் வந்தார், பக்கத்துப் பங்கில் கட்டியிருக்கிற புதுக் கோபுரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நாலு டிகிரி ஏறியதைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் காலை உபதேசியார் கையில் கால் கட்டி வந்தது.

ஐஸ் வைப்பது அப்படி முறையாகிவிட்டது. யார் மேல் பொறாமை என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கவும் கூடாது. கட்டியைப் பெட்டியில் இறக்கி, எண் இறங்கும்வரை நின்று, இறங்கியதும் போய்விட வேண்டும். போகிறவர்கள் முகம் கொஞ்சம் லேசாகியிருக்கும். எதிர் வாசலில் பிளாண்டுக்காரர்கள் இதற்கென்றே கட்டியை நாலாக அறுத்து வைத்தார்கள். மெற்றில்டாவின் வேலை தடையில்லாமல் நடந்தது. எங்கள் மெமரியைப்போலக் குளிர்ச்சியாக இருந்த மெமரி அந்த ஜில்லாவில் இருந்திருக்காது. ஊரின் பொறாமையே அதைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது.

கஸ்பார் ஒவ்வொரு நாளும் பத்தே முக்காலுக்கு ஒரு கால் கட்டி கொண்டுவருவான். அவன் கொண்டுவருவதை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பெட்டியைச் செய்தவன் பெட்டியை நிரப்புகிறான், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பங்குனியில் ஒரு நாள், வாடிக்கைக்காரர் யாரும் இல்லாமல் நாங்கள் மூன்று பேர் மட்டும் கடையில் இருந்தோம். கஸ்பார் ஏதோ சொன்னான். ஐஸ் பிளாண்ட் மேனேஜர் வழுக்கி விழுந்ததைப் பற்றி. மெற்றில்டா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னோடு இருக்கும்போது அவள் வாயைப் பொத்திச் சிரிக்கிற அளவுக்கு நான் எதையும் சொன்னதில்லை. எண் ஐம்பத்தெட்டிலிருந்து ஏறத் தொடங்கியது. எழுபது, எழுபத்தைந்து, எண்பத்தேழு. ஓடிக்கொண்டிருந்த வீடியோ நின்றது. கஸ்பார் அந்த எண்ணையே பார்த்தான். நானும் பார்த்தேன். மெற்றில்டா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் யாரும் ஐஸ் வைத்துவிட்டுப் போகலாம். நான் வைக்க முடியாது. கடைக்காரனே கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் யார் மேல் என்று ஊர் மனசுக்குள் கேட்கும். கேட்டால் கஸ்பார் பெயர் வரும். கஸ்பார் பெயர் வந்தால் அடுத்த மூச்சில் மெற்றில்டா பெயர் வரும். ஒரு தப்பும் செய்யாத பெண்ணின் பெயரைத் தெருவில் போடுவதற்கு அந்த ஒரு கட்டி போதும். அதனால் மறுநாளிலிருந்து, கஸ்பார் சாலையைக் கடப்பதைக் கண்டதும் நான் எழுந்து பின்வாசல் வழியாக டீக்கடைக்குப் போய்விடுவேன். அவன் ஐஸ் போட்டு, எண் இறங்கி, அவன் திரும்பிப் போன பிறகே வருவேன். டீ கையிலேயே ஆறிப்போகும். இந்நேரம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். நான் அங்கே இல்லாததால் இயந்திரம் குளிர்ச்சியாக இருக்கும், அவர்கள் இரண்டு பேரும் அந்தக் குளிர்ச்சியில் நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை டீக்கடையில் லிகோரி டீயை ஆற்றிக்கொண்டே, என்னைக் கண்ணால் காட்டி, "கஸ்பார் உள்ள போனா இன்னாசி அண்ணாச்சி வெளிய வந்துருதாரு. கடிகாரத்துல வெயிலுக்கு ஒரு பொம்ம, மழைக்கு ஒரு பொம்ம மாறி மாறி வருமே, அதுமாதிரில்லா இருக்கு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலையே அதைச் செய்தேன். சூட்டைக் காட்டுகிற புரோகிராமில், எஃப்-ஒன்பது பொத்தானை அழுத்தினால் மூலையில் அறுபத்திரண்டு என்று மட்டும் வரும்படி மாற்றினேன். ஐம்பத்தெட்டு என்று வைத்தால் சந்தேகம் வரும் என்று நாலு கூட்டிக்கொண்டேன். மறுநாள் பத்தே முக்காலுக்கு டீக்கடைக்குப் போகவில்லை. மெற்றில்டா கோயிலுக்குப் போயிருந்தாள். கஸ்பார் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன், பொத்தானை அழுத்தினேன். பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரொசாரியோவின் வள்ளம் தங்கலுக்குப் போகிற வள்ளம். ஐஸ் ஏற்றிக்கொண்டு நாலைந்து நாள் கடலிலேயே இருந்து மீன் பிடித்து வரும். ஒரு ஆள் குறைகிறது, வா என்று ரொசாரியோ ஒரு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம். மைனி கடைக்கு ஐஸ் போட ஆள் இல்லை என்று கஸ்பார் மறுத்துக்கொண்டிருந்தானாம். அன்று கட்டியை இறக்கி வைத்துவிட்டு, நானும் வாரேன் என்று அவனாகவே ஏறியிருக்கிறான். இனிமேல் தினமும் வேண்டியதில்லை, குணமாகிவிட்டது என்றானாம். எது குணமாகிவிட்டது என்று ரொசாரியோவுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் காற்று வள்ளத்தைக் கவிழ்த்தது. ஐந்து பேரில் நாலு பேர் மிதவையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள்.

உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள். பூசை முடிந்து ஊர் நேராக எங்கள் கடைக்கு வந்தது. லிகோரி வந்தார், பிரகாசி வந்தாள், சூசையம்மாவும்கூட வந்தாள், பங்குச்சாமி தானே தூக்கிக்கொண்டு வந்தார். செத்தவன் மேல் உயிரோடு இருந்தபோது என்னென்ன பொறாமை இருந்ததோ, கைராசிக்கோ, தனி ஆளாக நிம்மதியாகச் சுற்றியதற்கோ, ஆளுக்கொரு கட்டியாக வைத்தார்கள். பெட்டி நிறைந்து, தரையில் அடுக்கி, தரையும் நிறைந்து, கடை முழுக்கக் கணுக்கால் அளவு குளிர்ந்த தண்ணீர் நின்றது. மூலையில் அறுபத்திரண்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை அழுத்திய பொத்தானை நான் இன்னும் மாற்றவில்லை. மெற்றில்டா ஒரு முக்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என் தகப்பனார் செத்தபோது அவள் அவ்வளவு அழவில்லை. அதைத்தான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அத்தனை ஐஸுக்கு நடுவில் நின்று அதைத்தான் நினைத்தேன்.

ஊர் கலைந்த பிறகு, திரை நீலமாகி நின்றது. மறுபடி போட்டாலும் வரவில்லை. மெற்றில்டா எழுந்து வந்து இயந்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள். கை சிவந்திருந்தது.

"இவ்வளவு நேரமும் அறுபத்திரண்டுன்னுதான போட்டிருந்துச்சு," என்றாள். "கைய வைக்க முடியல."

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

"செத்தவர் மேலயுமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மழை இன்னுமா பெய்கிறது என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

பங்குனியில் இருந்தே எனக்குத் தெரியும் என்றாள். நான் டீக்கடைக்கு ஓடுவது எதற்கு என்றும் தெரியுமாம். அப்படியானால் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே, நான் போன பிறகு இது குளிர்ந்து கிடந்திருக்குமே, அதையாவது சொல்லிக் குத்திக்காட்டியிருக்கலாமே என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"குளிர்ந்து கிடந்துச்சுன்னு யாரு சொன்னா?"

ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டே நான் இயந்திரத்தைத் திறந்தேன். சூடான மெமரியைக் கழற்றி, பழைய மெமரியைப் போட்டு, வேகத்தைப் பழையபடி இறக்கி ஓட விட்டேன். திரையில் காட்டுகிற எண்ணை நான் மாற்றியிருந்தேனே தவிர, அந்தப் புரோகிராம் நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே தானாக எழுதி வைக்கிற எண்ணை மாற்றவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதைத் திறந்து பார்த்தேன். காலையில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. பத்து நாற்பத்தைந்துக்கு எண்பத்து நாலு. பதினொன்றுக்கு அறுபது. அடுத்த நாளைப் பார்த்தேன். பத்து நாற்பத்தைந்துக்கு எண்பத்தைந்து. அதற்கு அடுத்த நாள் எண்பத்து நாலு. நாலு மாதம், நான் டீக்கடையில் ஆறிப்போன டீயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் எண்பத்து நாலு, எண்பத்தைந்து, எண்பத்து நாலு.

கஸ்பார் உள்ளே வந்ததும் எண் ஏறும்; அவன் தலையைக் குனிந்துகொண்டு ஐஸை இறக்குவான்; எண் இறங்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான்; இறங்கியதும், வாரேன் மைனி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான். நாலு மாதமும் அவன் அவளைச் சிரிக்க வைக்க ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதையெல்லாம் மெற்றில்டா சொன்னாள்.

"யார் மேல?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்பது முறை. இருந்தும் கேட்டேன்.

"உங்க மேலதான், வேற யார் மேல? நாம ரெண்டு பேருமா ஒரு தூக்குச்சட்டியில சாப்பிடுறதப் பார்த்துக்கிட்டே இருப்பாரு. அது எனக்காகவா, இல்ல அந்தச் சோத்துக்காகவான்னு நான் கேக்கல. கேக்காதது நல்லதுன்னு இருந்துட்டேன்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. பங்குனியில் ஏறிய எண்பத்தேழு முழுக்கத் தன்னுடையது என்று அவன் நினைத்திருந்தான், என்னுடையது என்று நான் நினைத்திருந்ததுபோலவே. தினமும் ஒரு கட்டியாகக் கொண்டுவந்து கரைத்துக்கொண்டிருந்தான். நான் உள்ள நிக்கும்போதா என்று கேட்டு, ஆமா என்று நான் சொன்னதும், கரைந்து தீர்ந்துவிட்டது என்று நம்பி, என் எதிரிலேயே லேசாகி, லேசான தோளோடு வள்ளம் ஏறிப் போனான். அவனுக்கு யாரும் கொடுக்காததை என் பொய் கொடுத்தது என்று சில நாள் சொல்லிக்கொள்வேன். அவன் போனதும் அதே பொய்யால்தான்.

புரோகிராமிலிருந்து அந்தப் பொத்தானை நீக்கிவிட்டேன். அதன் பிறகு இயந்திரத்தைப் பழைய வேகத்திலேயே ஓட்டினோம். ஒன்றரை நாளுக்கு ஒரு கல்யாணம். மெல்ல ஓடுகிற இயந்திரம் யார் வந்தாலும் ஒரு மாதிரிதான் இருந்தது, ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. ஐஸ் வைப்பது குறைந்தது. மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிற வாடை தெருவில் மறுபடி வந்தது.

மெற்றில்டா அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள். நானும் சில கதைகள் சொல்லக் கற்றுக்கொண்டேன். கடைசி மாதத்தில் தண்ணீர் இறங்காமல் போனபோது, டாக்டர் ஐஸ் துண்டை வாயில் வைக்கச் சொன்னார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து உடைத்து, கரண்டியில் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சப்பிக்கொண்டிருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "கஸ்பார் கொண்டார்ற கட்டி இவ்வளவு சீக்கிரம் கரையாது" என்றாள். அடுத்த துண்டை உடைத்துக் கொடுத்தேன்.

கடையை மூடி, லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் ஓரத்து மேசையில் வைத்திருக்கிறேன். செப்புக் குழாய் பச்சை பூத்துவிட்டது, தகரப் பெட்டி துருவேறி ஓட்டையாகிவிட்டது. வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். இயந்திரம் ஓடுகிறது. நான் அடுத்த அறையில் இருக்கும் நேரங்களில் அது எழுதி வைக்கிற எண் நாற்பத்தொன்று. நான் வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால் நாற்பத்து நாலு.